தூதர் வீட்டுப் புகை

தூதரின் படுக்கையறைக் கணப்பில் சல்மே விறகை அடுக்கி, சுருண்ட மரப்பட்டையில் தீக்குச்சியை வைத்தாள். தாலின் நகரத்துப் பெரிய வீடுகளில் கணப்பின் வாய் அறைக்கு வெளியே, வீட்டின் உள்நடைப் பக்கம் இருக்கும். உள்ளே தூங்குகிறவரை எழுப்பாமல் வேலைக்காரி வெளியிலிருந்தே மூட்டிவிட்டுப் போகலாம். தீ பிடித்தது.

அந்தப் புகைக்காகத் தெருவே காத்திருந்தது. எஸ்தோனியா தனிநாடு என்று அறிவித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிழக்கிலிருந்து ரஷ்யச் செம்படை ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வந்தது. எங்கள் போர்க்கப்பல்கள் உங்களை விட்டுப் போகாது என்று வெளிநாட்டுத் தூதர் சந்தைச் சதுக்கத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். துறைமுகத்தில் நாள் முழுக்கப் பனிமூட்டம். கப்பல் நிற்கிறதா இல்லையா என்று கரையிலிருந்து தெரியாது. தூதர் வீட்டுப் புகைபோக்கி தெரியும். புகை வந்தால் அவர் இருக்கிறார். அவர் இருந்தால் கப்பலும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் எதிர்ப்பக்கத்து ரொட்டிக்கடை காத்ரி பலகையை எடுப்பாள்.

சல்மேயின் கணவன் வில்லெமும் அதைத்தான் நம்பினான். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன்; தொண்டர்படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"காலையில புகை வந்தா ரயிலேறிச் சண்டைக்குப் போறேன். வரலைன்னா நீயும் நானும் மீன்படகுல ஃபின்லாந்து. பின்னால கப்பல் இல்லாத சண்டையில போய்ச் சாக நான் என்ன கிறுக்கனா?" என்று நேற்றுச் சாயங்காலம் சொன்னான்.

"எல்லாரும் அவர் வீட்டுக் கொடியப் பாக்குறாங்க. நீ புகையப் பாக்குறே."

"கொடிய விட்டுட்டு ஓடிடலாம்டி. ஆளில்லாத வீட்டுல விறகு எரிய விடுவானா அந்தக் கஞ்சன்?"

அவள் சிரித்திருந்தாள்.

இப்போது காப்பித் தட்டோடு தூதரின் அறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டிவிட்டுத் தள்ளினாள், திறந்துகொண்டது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை, நேற்று அவள் விரித்தபடியே இருந்தது. அலமாரி திறந்து கிடந்தது, உள்ளே ஒரு துணி இல்லை. சுவரில் அவர் மனைவியின் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே கொடி ஆடிக்கொண்டிருந்தது.

காப்பித் தட்டைத் தரையில் வைத்தாள்.

முகம் கழுவும் குவளையை எடுத்துக்கொண்டு, தீயை அணைக்கக் கணப்பிடம் ஓடினாள். அதில் தண்ணீர் உறைந்து கிடந்தது. குவளையைக் கவிழ்த்தாள், உலுக்கினாள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே விறகு படபடவென்று வெடித்து எரிந்தது. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

சால்வைகூட இல்லாமல் வாசலுக்கு ஓடினாள். காத்ரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தாள். "உங்க தூதரய்யா புண்ணியத்துல இன்னைக்கும் ரொட்டி உண்டு, சல்மே!"

தொண்டர்படை தெருமுனை திரும்பி வந்தது. தொப்பிகள் ஒன்றாக நிமிர்ந்தன. எல்லோரும் புகைபோக்கியைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் வில்லெம்.

"ஏய் சல்மே! கஞ்சன் காப்பி குடிச்சாச்சா?"

வரிசை சிரித்தது. காத்ரியும் தெருவில் நின்றவர்களும் அவள் வாயைப் பார்த்தார்கள். சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"இன்னும் எந்திரிக்கல."

தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எழுப்பி விடு! நாங்க போறத வந்து பாக்கட்டும்!"

மறுபடி சிரிப்பு. பூட்ஸ்கள் ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பின. வில்லெம் ஒருமுறை திரும்பி, அவளைத் தாண்டி, கூரையைப் பார்த்துக் கையசைத்தான்.

சல்மேயும் நிமிர்ந்து பார்த்தாள். மேல்மாடியில், ஆளில்லாத அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியில் உறைந்திருந்த பனி உள்ளிருந்து மெல்ல இளகி வழியத் தொடங்கியிருந்தது.