சார் படிக்காத கடிதம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, ஆராய்ச்சி மாணவர்களுக்கு எந்த டிரஸ்ட் பணம் தருகிறது, கடைசித் தேதி எது என்று நோட்டில் குறித்துவைப்பவள் தபஸ்ஸும். அந்த நோட்டை வாங்கிப் பார்த்து விண்ணப்பிப்பவள் அனுப்பிரியா. எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டில் இருவருக்கும் ஒரே பெஞ்ச்.

மயிலாப்பூர் டிரஸ்ட் ஒன்றின் ஃபெல்லோஷிப்பையும் தபஸ்ஸும்தான் கண்டுபிடித்தாள். மூன்று வருடம், மாதம் எட்டாயிரம். ஒரு கல்லூரிக்கு ஒருவருக்குத்தான் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் அவளே படித்துச் சொன்னாள்.

"யாருக்குக் கிடைச்சாலும் டிரீட்டுடி. பிரியாணி மட்டும் நான் சொல்ற கடையில."

அனுப்பிரியா சிரித்துவைத்தாள். தபஸ்ஸுமுக்கு எண்பத்தொரு சதவீதம். தனக்கு எழுபத்தாறு. கிடைக்காவிட்டால் சித்தப்பா நாவலூரில் பார்த்துவைத்திருக்கும் கால் சென்டர் வேலைக்குப் போயாக வேண்டும்.

துறைத் தலைவர் ஜெபசீலன் சார் சிபாரிசுக் கடிதங்களைத் தாமே எழுதுவதில்லை. "உங்களைப் பத்தி உங்களுக்குத்தானேம்மா தெரியும்? நீங்களே அடிச்சு எடுத்துட்டு வாங்க" என்பார். வந்த தாளில் கையெழுத்துப் போட்டு, கவரை ஒட்டச் சொல்லிவிடுவார். துறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் வேகமாக அடிப்பவள் அனுப்பிரியா.

"எனக்கும் நீயே எழுதிடுடி. நானே என்னைப் புகழ்ந்துக்க வெக்கமா இருக்கு" என்றாள் தபஸ்ஸும்.

அனுப்பிரியா புகழ்ந்துதான் எழுதினாள். கூர்மையான அறிவு, ஆய்வுக்கூடத்தில் அசராத உழைப்பு. எதிலும் பொய்யில்லை. பிறகு கை நிற்காமல் இன்னும் ஒரு வரி அடித்தது: இவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இருந்தாலும் ஆய்வை முடிக்க முயல்வார் என நம்புகிறேன்.

அதுவும் பொய்யில்லை. மாப்பிள்ளை பம்மலில் தோல் வியாபாரம். தபஸ்ஸும் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஃபெல்லோஷிப் கிடைத்தால் நிக்காஹை மூன்று வருடம் தள்ளிவைப்பதாக அத்தா வாக்குக் கொடுத்திருப்பதையும் சொல்லியிருந்தாள். அதை அனுப்பிரியா எழுதவில்லை. உண்மையில் பாதியை விட்டுவிடுவது பொய்யாகுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பதில் வருவதற்குள் பிரிண்டரில் தாள் வந்துவிட்டது.

நேர்காணல் முடிந்து வெளியே வந்த தபஸ்ஸுமின் முகம் வெளுத்திருந்தது. மின்சார ரயில் கிண்டியைத் தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள்.

"கல்யாணத்தைப் பத்தியேதான்டி கேட்டாங்க. கல்யாணம் ஆனா பாதியில விட்டுட்டுப் போயிடுவீங்களாமே, எங்க பணம் வீணாத்தானே போகும்னு... சார் லெட்டர்ல இருக்காம். நீதானே அடிச்ச?"

"நான்தான் அடிச்சேன். சார் அந்த வரியைச் சேக்கச் சொன்னாரு. வேணாம் சார்னு கெஞ்சினேன்டி."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் உங்க அத்தா ஃபீஸ் கட்ட வந்தாரே. சார் ரூம்ல ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாரு."

தபஸ்ஸுமின் அத்தா பாட்சா அன்று துறைப் பக்கமே வரவில்லை. ஆபீஸில் பணம் கட்டிவிட்டு அப்படியே போய்விட்டார். அது அனுப்பிரியாவுக்குத் தெரியும்.

"அப்ப அத்தாதான்..." தபஸ்ஸுமால் முடிக்க முடியவில்லை. "என்கிட்ட சரின்னு சொல்லிட்டு, பின்னாடி போய்..."

"ரெண்டு பேர்கிட்டயும் கேக்காதடி. உனக்குத்தான் அசிங்கம்."

தபஸ்ஸும் தலையாட்டினாள். பல்லாவரம் வருவதற்குள் அனுப்பிரியாவின் தோளிலேயே சாய்ந்து அழுதாள். ஈரம் பட்ட இடத்தில் துணி ஒட்டிக்கொண்டது. தனக்குள் எங்காவது வலிக்கிறதா என்று அனுப்பிரியா தேடிப் பார்த்தாள். வலிக்கவில்லை. அதுகூட அவளுக்குப் பயம் தரவில்லை. தாம்பரத்தில் படியேறும்போது நாளைக்குத் தன் நேர்காணலுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபெல்லோஷிப் அனுப்பிரியாவுக்குக் கிடைத்தது. தபஸ்ஸும் அத்தாவிடம் எதையும் கேட்கவில்லை. அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். கல்யாணத் தேதியைத் தள்ளிவைக்கும்படியும் கேட்கவில்லை. ஜூனில் நிக்காஹ். வகுப்பில் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது.

"ஏம்மா, அந்தப் பொண்ணு எனக்கு மட்டும் பத்திரிகை வைக்கலையே? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டார் ஜெபசீலன் சார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

அனுப்பிரியா கொஞ்சம் தயங்குவதுபோல் நின்றாள்.

"அவ அப்படித்தான் சார். காரியம் ஆகலைன்னா ஆளை மறந்துடுவா."

"அப்படியா? நல்ல பொண்ணுன்னு நெனச்சேனே" என்றார் சார்.