சொர்ணம்மாளின் மைக்

உலகத்தில் நீக்க முடியாத இரைச்சல் என்று ஒன்று கிடையாது. நீக்கத் தெரியாத மெக்கானிக்குகள்தான் உண்டு. இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவன் மகேஷ்குமார். வயது இருபது, செம்பூரில் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு, சாயங்காலங்களில் குர்லா கடையொன்றில் வாக்கிடாக்கி ரிப்பேர். அறிவித்த மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு அவன் தன் அம்மாவின் கால்மாட்டைத் தோளில் தாங்கியபடி, இரும்பு ஏணியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தான்.

தாராவியில் மாளா என்கிற தகர மாடியிலிருந்து ஓர் உடலைக் கீழே கொண்டுவர முறை இருக்கிறது. பலகையில் கிடத்தி, சேலையால் மூன்று இடத்தில் கட்டி, கால் முதலில் இறக்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு மாரிக்கண்ணனுக்கு நடுவழியில் ஒரு சந்தேகம் வந்தது.

"தலைய மொதல்ல விட்டிருக்கணுமோ?"

"மாமா, இது என்ன சோபாவா? கயித்த விடாம பிடிங்க."

"சோபாவத்தான் மருமவனே அப்படி எறக்கிருக்கேன். அனுபவத்துல கேக்கேன்."

பக்கவாதம் வந்து ஏழு மாதம் கழித்து சொர்ணம்மாள் கீழே வந்தது அன்றைக்குத்தான். பள்ளிக்கூடப் பை தைக்கும் இரண்டு மெஷின்களையும் சுவரோரம் தள்ளி இடம் பண்ணினார்கள். தாணேயிலிருந்து அக்கா பிரேமலதா வந்துசேர வேண்டியதுதான் பாக்கி.

வந்தவர்களிடமெல்லாம் அப்பா நயினார் ஒரே கதையைச் சொன்னார். ஏழரைக்குக் கஞ்சி குடித்தாள். இவர் மெஷினில் உட்கார்ந்தார். பத்து மணிக்கு மாத்திரையோடு மேலே போனால், மைக்கைக் கையில் பிடித்த வாக்கில் கிடக்கிறாள். உயிர் போய் ஒரு மணி நேரமாவது இருக்கும் என்றார் டாக்டர்.

"ஒங்களக் கூப்பிட்டிருப்பாளே மச்சான்?" என்றார் மாரிக்கண்ணன்.

"கூப்பிடலயே. கூப்பிட்டா கேக்காமயா இருக்கும்? நேத்துதான எம்பய ரிப்பேர் பண்ணிக் குடுத்தான். ஏக்தம் கண்ணாடி, ஒரு இரைச்சல் கெடையாது. பச்சை லைட்டு மட்டும் நாலஞ்சு மட்டம் எரிஞ்சுது. சத்தம் ஒண்ணும் வரல. சும்மா லைட்டு எரிஞ்சா கை பட்டிருக்கும், சத்தம் வந்தாத்தான் அம்மா பேசுதான்னு அர்த்தம்னு சொன்னான். ஏல மகேசு, சொன்னேல்லா?"

"ஆமா," என்றான் மகேஷ்.

"படிச்ச பயலாச்சே," என்றார் மாரிக்கண்ணன்.

கடையில் கழித்துக்கட்டிய இரண்டு வாக்கிடாக்கி செட்டுகளை அவன்தான் கொண்டுவந்திருந்தான். ஒன்று, சுருள் ஒயரில் கை மைக்கோடு அம்மாவின் தலைமாட்டில். மற்றது கீழே, மெஷினுக்கு மேல் ஆணியில். மேலே பட்டனை அமுக்கினால் கீழே பச்சை எரியும். ஆனால் அந்த மைக் ஃபேன் காற்று, தகரத்தின் அதிர்வு, கீழிருந்து ஏறும் மெஷின் சத்தம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து கர்ரென்று கொட்டும். அதற்கு நடுவே எங்கோ, மூச்சைவிடக் கொஞ்சம் பெரியதாக, நாக்குப் பாதி செத்துப்போன சொர்ணம்மாளின் குரல்.

நயினாருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பச்சை எரிந்தால் மெஷினை நிறுத்துவார். செட்டை எடுத்துக் கன்னத்தோடு அணைத்துக்கொள்வார். "என்ன சொர்ணம்? தண்ணியா? ஆங், வாரேன்." விளக்கு அணையும்வரை பொறுக்கமாட்டார்.

மகேஷ் இதைத் தெருவுக்கே நடித்துக் காட்டியிருக்கிறான்.

"அம்மா பட்டன அமுக்கிட்டு இருக்கையில நீங்க பேசுனா மேல கேக்காதுப்பா. யார்ட்ட பேசுதீய, மெஷின்ட்டயா?"

"ஒங்கம்மைட்டதான்."

"அவளுக்குக் கேக்காதுங்கேன்."

"கேக்காட்டா என்னல?"

இந்த அறியாமையை ஒழிக்கத்தான் நேற்று மைக்கைப் பிரித்தான். அறுந்திருந்த ஒயரைப் பற்றவைத்தான்; பாதி இரைச்சல் போனது. மீதிக்கு நகத்தளவு போர்டு ஒன்றைச் சேர்த்தான். ஓர் அளவுக்குக் கீழே உள்ள எந்தச் சத்தத்தையும் அது உள்ளே விடாது. அளவைத் தன் குரலில் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லிச் சரிசெய்தான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாமென்று விட்டுவிட்டான்.

இப்போது கீழே இருந்த செட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மேலே ஏறினான். செட்டைக் காதில் வைத்து, மைக்கை உதட்டருகே கொண்டுபோய், அம்மா கூப்பிடுகிற மாதிரியே மெல்ல, "மகேசு" என்றான்.

பச்சை எரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் குரலை ஏற்றினான். கேட்கவில்லை. கடைசியில், வாரத்தில் ஆறு நாளும் கடையில் செட்டுகளைச் சோதிக்கத் தான் பேசுகிற குரலில் சொன்னான். அவன் பெயர் அவன் காதிலேயே பளிச்சென்று விழுந்தது.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுப்பதற்குள் கீழே பிரேமலதா "எம்மா" என்று விழுந்த சத்தம் கேட்டது. மைக்கை அப்படியே போட்டுவிட்டு இறங்கினான். ஆணியில் செட்டை மாட்டும்போது நயினார் அவனைப் பார்த்தார். மகேஷ் அக்காவிடம் போனான்.

சயான் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது மணி நாலு. வீடு கழுவி ஈரமாகக் கிடந்தது. பிரேமலதா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நயினார் ஈரத்தலையோடு ஏணிப்படியைப் பிடித்தார்.

"செத்த படுக்கேன்."

"மேல பாய்கூட இல்லப்பா."

"இருக்கட்டும்."

மகேஷ் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஊசிக்கடியில் பாதி தைத்த பை ஒன்று இன்னும் மாட்டியிருந்தது. அதை உருவலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பச்சை எரிந்தது.

சத்தம் இல்லை. அணைந்தது. மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை.

வால்யூமைக் கடைசிவரைக்கும் திருப்பினான். பிறகு எழுந்து, செட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டான்.

"கேக்குப்பா," என்றான். "சொல்லுங்க."

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.