நடந்துபோன பள்ளிக்கூடம்

சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் முதல் வருஷத்திலேயே நடக்கத் தொடங்கியது. குழியில் வெடி வைக்கும்போதெல்லாம், சங்கு ஊதி ஓய்ந்து மண் அதிர்ந்ததும், வகுப்பறைகளும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தாற்போல ஓரடி பின்வாங்கும். மேசையில் சாக்பீஸ் லேசாக உருளும், அவ்வளவுதான். முதலில் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பழகியபின் வாய்ப்பாடு சொல்வதைக்கூட நிறுத்தவில்லை. காலையில் பள்ளிக்கு வருகிறவர்கள் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது. அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் நிலம் சும்மா கிடந்தது என்பதற்காகவே அங்கே கொண்டுபோய்க் கட்டிய பள்ளி அது. நடுவே ஒரு லாரிப் பாதைதான் இருந்தது.

கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரியை ஊரே ‘சமாதானம்’ என்றுதான் கூப்பிடும். தூசி, சுவரில் விரிசல், கலங்கிய கிணறு என்று யார் என்ன சொல்லிக்கொண்டு வந்தாலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மனம் குளிர அனுப்பிவைப்பார். சொன்ன விஷயம் கிணற்றில் போட்ட கல்தான். கெட்ட மனிதர் இல்லை, பாவம். முடியாது என்று சொல்ல வாய் வராது, அதுதான் கோளாறு. பள்ளியின் தலைமை ஆசிரியை அவருடைய மனைவி. வெடியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பள்ளியை மாற்றுங்கள் என்று அந்த அம்மாள் வீட்டில் கேட்டபோது, மனைவிக்கும் ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

வருஷங்கள் போயின. பள்ளி லாரிப் பாதையிலிருந்து நன்றாகவே விலகிவிட்டது. அந்தச் சமயத்தில், தாது வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சமூகப் பொறுப்புத் தரச்சான்று இல்லாத சுரங்கத்தில் இனி வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சான்று தரும் குழு வருவதாக ஏற்பாடு. எடுத்துக்காட்டுவதற்குக் கம்பெனி செய்திருந்த ஒரே நல்ல காரியம் பள்ளி. அதுவோ கம்பெனியைக் கண்டு விலகி ஓடிக்கொண்டிருந்தது. “இழுத்துட்டு வந்து பழைய இடத்துலயே கட்டிப் போடுய்யா. சான்று கிடைக்கலைன்னா உனக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல” என்றார் மேலாளர். சமாதானம் வழக்கம்போலச் சரி என்றார். புல்டோசர்கள் இழுத்தன. நான்கு மூலையிலும் இரும்பு வடம் போட்டு இறுக்கினார்கள். விரிசல்களைப் பூசி மெழுகி மஞ்சள் வண்ணம் அடித்தார்கள்.

“உள்ள பிள்ளைங்க இருக்காங்க. ஓடக்கூட முடியாதபடி கட்டிட்டீங்களே” என்றார் மனைவி. அதற்குப்பின் அவரோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி நடமாடினார்கள். சமாதானத்துக்கு அது தாங்கவில்லை.

குழு வந்த அன்று வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆனால் உத்தரவு குழியின் மறுகோடிக்குப் போய்ச் சேரவில்லை. பந்தலில் விருந்தினர்களுக்குச் சமாதானம் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. மண் அதிர்ந்தது. பள்ளி பின்வாங்கப் பார்த்தது, வடம் விடவில்லை. புது வண்ணத்துக்கு அடியிலிருந்து விரிசல் வாய் திறந்தது. வாய்ப்பாடு பாதியில் நின்றது. அத்தனை வருஷத்தில் அது நின்றது அன்றைக்குத்தான். தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சமாதானம் ஓடிப்போய் வடத்தின் கொக்கியில் கை வைத்தார்.

“கைய எடுய்யா!” என்று கத்தினார் மேலாளர்.

“முடியாது சார்.”

வடத்தின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். பள்ளி ஒரு முறை குலுங்கி நிமிர்ந்தது. பிறகு ஓரடி ஈரடி இல்லை, விருந்தினர்களைத் தாண்டி, மண்மேட்டைச் சுற்றி, தார்ச்சாலையைக் கடந்து, குழியிலிருந்து ஆக எட்ட இருந்த மேலாளர் பங்களாவின் புல்வெளியில் போய்த்தான் நின்றது. தொட்டித் தண்ணீர் தளும்பவில்லை. தலைமை ஆசிரியை வாசற்படியில் நின்று பிள்ளைகளைத் தலை எண்ணிக்கொண்டே போனார்.

குழுவின் தலைவி சமாதானத்திடம், “எப்பவும் இப்படித்தான் நடக்குமா?” என்று கேட்டார்.

“எப்பவும். நாங்கதான் விடல.”

அந்த வருஷம் சான்று கிடைக்கவில்லை. மறுவருஷம் தரச்சான்று விதிகளில் ஒரு வரி சேர்ந்தது: எந்தக் கட்டடத்தையும் கட்டிப்போடக் கூடாது. மேலாளர் சில நாள் முணுமுணுத்துவிட்டு, பிள்ளைகள் விளையாடப் புல்லைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்.

சமாதானத்துக்கு மட்டும் குழு வந்த அன்று பிற்பகலே வேலை போனது. கம்பெனி வீட்டை உடனே காலி செய்யச் சொன்னார்கள். எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். வீடு அங்கே இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் திகைக்கவில்லை, புழுதியில் இழுபட்டிருந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார். பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு நின்றிருந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது.

“இவ்வளவு நேரமா? நாங்க எப்பவோ வந்துட்டோம்” என்றார் மனைவி.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவருக்காகப் போட்டு வைத்திருந்த டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தார்.