மூன்று மாதச் சராசரி

1

இந்தக் கதை ஒரு செருப்பிலிருந்து வந்தது. 2006இல் ஒரு காலை, ரெட்டியார்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்கு அது தெரியவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இருந்த ஒன்றையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

நான் கவனித்தேன். மற்றதெல்லாம் கற்பனை. அவருக்கு ஷஹாபுதீன் என்று பெயர் வைத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வைத்திக்குப்பத்துப் படகுகளின் மேல் வெயில் விழுந்தபோது, ஆரோக்கியமான மனிதரான ஷஹாபுதீன்..."

வேண்டாம். முதல் வரியிலேயே பொய்.

இரண்டாவது முயற்சி: ஷஹாபுதீன் லைனுக்குப் போகிறவர். அதாவது, மூன்று சக்கர வண்டியில் சரக்கேற்றித் தவளக்குப்பம் வரை கடை கடையாகப் போட்டுவிட்டு வருபவர். கிரீம் பிஸ்கட், ஜாம், நூடுல்ஸ், தக்காளி சாஸ், அட்டை டப்பாவில் மாம்பழ ஜூஸ். நொறுங்கிப்போன பாக்கெட்டைக் கம்பெனி திருப்பி எடுக்காது. தின்கிற பொருளைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. ஆகவே வண்டியில் 'டேமேஜ்' என்று எழுதிய ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே அவர் கை அதற்குள் போய் வரும்.

டீயில் மட்டும் சர்க்கரை கூடாது. "எனக்கு சுகருங்க, சக்கரை போடாம குடுங்க" என்று டீக்கடையில் பெருமையாகவே சொல்வார். பிறகு அந்த டீயில் உடைந்த கிரீம் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடுவார்.

[இதை அடிக்குறிப்பாகப் போட்டிருக்கலாம்: கரண்டியால் அள்ளிப் போடுவதைத்தான் ஷஹாபுதீன் சர்க்கரை என்று எண்ணினார். புளிக்கிற சாஸிலும் அது இருக்கிறது, ரொட்டியிலும் இருக்கிறது. பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் எழுதியும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளைக் கையாண்டவர், ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.]

3

மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதற்கு மூன்று நாள் முன்பு பெட்டியைத் தொடமாட்டார். கோதுமைக் கஞ்சி, பாகற்காய், கடற்கரையில் நடை. நான்காம் நாள் ரத்தம் சமர்த்துப் பிள்ளையாக நடந்துகொள்ளும். வந்த அளவை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார். கனீஸ் பாத்திமா அதைச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுதுவார். நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. அன்று மாலை கைகழுவும்போதே ஷஹாபுதீனுக்குப் பெட்டி ஞாபகம் வந்துவிடும்.

பாத்திமாவுக்கு இனிப்பென்றால் உயிர். கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து நான்கு வருடமாக அவரும் இனிப்பை வாயில் வைக்கவில்லை. பெருநாளன்று விருந்தாளிகளுக்குத்தான் இனிப்புச் சேமியா, தங்கள் இருவருக்கும் சேமியா உப்புமா. "அவருக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?" என்று அக்காவிடம் போனில் சொல்வது கணவர் காதில் விழும். அப்போதெல்லாம் ஷஹாபுதீனுக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் மறுநாள் பெட்டி இருக்கும்.

4

புதிதாக வந்த டாக்டர் நிர்மலா அவரைக் கண்ணை மூடச் சொன்னார்.

"பாதத்துல ஒரு நைலான் நூலால தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க."

ஷஹாபுதீன் கொஞ்சம் பொறுத்து, "தெரியுது" என்றார்.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க."

மூன்று மாதக் கணக்கைக் காட்டும் பரிசோதனை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏழுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றார். ரத்த அணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அது கணக்கிடும். அணு மூன்று, நான்கு மாதம் உயிரோடு இருக்கும். மூன்று நாள் கஞ்சியெல்லாம் அதனிடம் செல்லாது.

5

அன்று மத்தியானம், ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, வண்டியை நிழலில் நிறுத்திக் கண்ணயர்ந்தார். கனவில் கடற்கரை மணல் வெள்ளை வெளேரென்று சர்க்கரையாகக் கிடந்தது. அலை வந்து அதைக் கரைக்காமல் திரும்பிப் போனது. பஞ்சின் மேல் நடப்பதுபோல அவர் நடந்தார். கொஞ்ச நாளாகவே நிஜத்திலும் நடை அப்படித்தான் இருந்தது. நடைப்பயிற்சியின் பலன் என்று அதை நம்பியிருந்தார். மெத்தென்று, சத்தமே இல்லாமல், எங்கே கால் முடிந்து எங்கே கரை தொடங்குகிறதென்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார். படகோரம் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்கதான எழுதறீங்க? ஏழுக்குக் கீழ போட்டுடுங்க. உங்களுக்கு ஒரு எழுத்துதான்."

"எழுத்த மாத்தினா கால் சரியாயிடுமா, பாய்?"

"கால யாரு கேட்டா? பாத்திமா மொகத்த நெனச்சுக் கேக்கறேன்."

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏனென்றால் அந்தச் செருப்பைப் பார்த்த அன்று நானும், நல்ல எண் வரட்டுமென்று இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டுத்தான் பரிசோதனை நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுதுவதும் அப்படித்தான். திணறியது, உளறியது எல்லாவற்றையும் கிழித்துவிட்டுக் கடைசிப் பிரதியை மட்டும் உங்களிடம் நீட்டி நல்ல பெயர் வாங்குவேன். இந்த முறை எதையும் கிழிக்கவில்லை.

6

முடிவு, ஒன்று: உறையைப் பிரித்தால் ஆறு. டாக்டரே வியந்து...

சிரிப்பு வருகிறது.

முடிவு, இரண்டு: ஷஹாபுதீன் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். பாத்திமா தலையில் கைவைத்து அழு...

இல்லை. பாத்திமா அழுகிறவர் இல்லை. அவரை நான் அவ்வளவு சரியாக எழுதவில்லை போலிருக்கிறது.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மாலையில் ஷஹாபுதீன் சட்டைப்பையில், எண் ஏழைத் தாண்டிய ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தார். பாத்திமா வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஒத்த செருப்புதான் கெடக்குது. இன்னொன்னு எங்கங்க?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"கழண்டது தெரியல, பாத்திமா. கால்ல ஒன்னும் தெரியமாட்டேங்குது."

நான்கு வருடத்தில் தன் உடம்பைப் பற்றி மனைவியிடம் அவர் சொன்ன முதல் உண்மை இது. இந்த வசனத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. பாத்திமா அவருடைய இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிகாலில் எதுவோ கிழித்து, மண் ஒட்டிக் காய்ந்த ரத்தம். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாத்திமா ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டார். பிறகு காலண்டர் முன்னால் போய், பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"எவ்வளவுங்க?"

ஷஹாபுதீன் என்னைப் பார்க்கிறார். செருப்பைப் பற்றிச் சொன்னதோடு அவருடைய தைரியம் தீர்ந்துவிட்டது. எனக்கும் பாத்திமா முகத்தை நினைத்தால் கை ஓடவில்லை. 'டேமேஜ்' பெட்டிக்குள் ஷஹாபுதீன் கை போய் வந்ததை எங்கள் இருவரைத் தவிர அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பாத்திமா பென்சிலோடு நிற்கிறார், அவருக்குச் சொல்லுங்கள்.