வெட்டாத மடிப்பு

இவளைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை. மேசை மேல் என் புத்தகம் விரிந்து கிடக்கிறது. பக்கத்தில் காய் நறுக்கும் கத்தி. நேசபாய் என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்கிறாள்.

பணத்தையும் வாணிபத்தையும் பற்றி இருநூறு வருடத்துக்கு முன் லண்டனில் அச்சான நூல், முதல் பதிப்பு, இரண்டாம் பாகம். அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்துத் தைத்தே விற்பார்கள். வாங்கியவர் மடிப்பை வெட்டித்தான் படிக்க வேண்டும். என் பிரதியை யாரும் வெட்டியதில்லை. அதுதான் அதன் மதிப்பே. பொருளாதார வாத்தியாராக இருந்து, சம்பளத்தில் பாதியை இப்படிப்பட்ட புத்தகங்களில் கொட்டியவன் நான். முதல் பாகம், அதுவும் வெட்டாதது, என்னைப் போலவே பழைய புத்தகம் சேர்க்கும் நாகர்கோவில் ததேயுஸிடம் இருக்கிறது. வெட்டாத ஜோடியாகச் சேரும் என்பதற்காகவே அதை எனக்குத் தரச் சம்மதித்து, இன்று மத்தியானம் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

எனக்குக் கண்ணில் அழுத்த நோய். இடது கண் போயாயிற்று, வலதும் மங்கி வருகிறது. காலையில் தக்கலைக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போய்த் திரும்புவதற்குள் இந்தக் காரியம் பண்ணியிருக்கிறாள்.

"ஏட்டி, ஒனக்கு கிறுக்கு பிடிச்சிருக்கா? ஆரக் கேட்டு இதுல கத்திய வச்ச?"

"புது பைபிள் வாங்கினா தாளெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும்லா? சர்ச்சுக்கு கொண்டு போறதுக்கு முந்தி நாந்தானே ஒண்ணொண்ணா பிரிச்சு வைப்பேன். அதுமாரி இதும்..."

"அதும் இதும் ஒண்ணாட்டீ? குடியக் கெடுத்துட்டியே, பாவி!"

ததேயுஸ் வந்தார். வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பையைத் திறக்கக்கூட இல்லை.

"இனி இது சரிவராது சாரே" என்றார். போட்ட சாயாவைக் குடிக்காமலே போய்விட்டார்.

படலைச் சாத்திவிட்டு வந்து நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நேசபாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளும் குரலை ஏற்றினாள்.

"இதுல ஒரு பக்கமாவது நீங்க வாசிச்சியளா?"

"வாசிச்சா மதிப்பு போயிரும்ட்டீ!"

"ரிட்டயர் ஆனா வாசிப்பேன்னு சொன்னிய. ஆயாச்சு. ஒரு கண்ணும் போச்சு. மத்ததும் போறதுக்கு முந்தி வாசிக்கட்டும்னுதான் வெட்டினேன். நல்லா ஏசுங்க."

எனக்கு ஆங்காரம் அடங்கவில்லை. வாசித்துக் காட்டுகிறேன் பார் என்று புத்தகத்தைப் பிடுங்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். கிட்டப் பிடித்தேன், தள்ளிப் பிடித்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். பொடி எழுத்து. வரி வரியாகக் கறுப்புக் கோடுதான் தெரிந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் நேசபாய், குரலைத் தாழ்த்தி.

புத்தகத்தை மேசையில் அறைந்தேன்.

"இப்பதான் ஒனக்கு கத்தி எடுக்கத் தோணிச்சா? பத்து வருசம் முந்தியே வெட்டித் தந்திருக்கப்பிடாதாட்டீ!"