குருநாதனுக்கு பைக் ஓட்டத் தெரியாது

கண்டரமாணிக்கத்து வீட்டில் ஓடெல்லாம் இறங்கிவிட்டது. இனி உத்திரங்கள்தான் பாக்கி. வெயில் ஏறுவதற்குள் இரண்டையாவது இறக்கியாக வேண்டும் என்று முதலாளி முத்துக்கண்ணன் கறாராகச் சொல்லிவிட்டதால், கிழக்கு வெளுக்கும்போதே பாண்டீஸ்வரன் சுவர்மேல் ஏறிக் குந்திவிட்டான். சுவர் பனியில் ஈரமாக இருந்தது. பழைய சுண்ணாம்புத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் அப்பி, காறித் துப்பினால் எச்சில் வெள்ளையாக விழுந்தது. உள்ளங்கைக் காய்ப்பில் கயிற்று நார் குத்தியது. பர்மாத் தேக்கு லேசுப்பட்டதா? ஒரு உத்திரத்துக்கு எட்டு ஆளாவது வேண்டும். வந்திருந்ததோ ஐந்து பேர்.

"கப்பி சங்கிலி எங்கண்ணே?" என்று மேலேயிருந்து கேட்டான்.

கீழே நின்ற மூத்த ஆள் குருநாதன் அண்ணாந்து பார்த்தார். "அதுக்கு வாடக கூடுதலாம். கயித்துலயே எறக்கிக்கங்கன்டாரு. நம்ம தோளுக்குத்தான் வாடக கெடையாதே."

"கயிறும் நைஞ்சுபோயில்ல கெடக்கு."

"நேத்தே சொன்னேன். அடுத்த வீட்டுக்குப் புதுசு வாங்கலாம்னாரு. என்ன செய்யச் சொல்ற?"

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டைக் கட்டியவர் பேரை ஊர் இன்னும் சொல்லும். அதைப் பிரிக்கிறவனுக்குப் பேரே கிடையாது. வாரிசுகள் விற்றுவிட்ட வீட்டின் தூணையும் கதவையும் நோகாமல் கழற்றிக் காரைக்குடி குடோனுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே கருப்பியும் மற்றப் பெண்களும் சுரண்டித் தேய்த்து எண்ணெய் பூசி மினுக்குவார்கள். சென்னையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஓட்டல்காரர்கள் வந்து சொன்ன விலை கொடுத்து அள்ளிக்கொண்டு போவார்கள். மரத்தில் ஒரு கீறல் விழுந்தால் கூலியில் பிடிப்பார் முதலாளி. ஆள்மேல் கீறல் விழுந்தால் யார் கொடுப்பது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

உத்திரம் இறக்கும்போது ஓர் ஆள் கீழே நின்று குரல் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு மரம் மட்டும்தான் தெரியும், தரை தெரியாது. குருநாதன் குரலுக்குத்தான் எல்லார் கையும் கட்டுப்படும். "விடு... விடு... நிறுத்து. விக்கி, ஒன் பக்கம் கொஞ்சம் தாழ விடு..." அவர் சொன்னபடியே விட்டார்கள். பாதி இறங்கியிருக்கும், விக்கி பிடித்திருந்த கயிறு சத்தமில்லாமல் பிரிந்து அறுந்தது. உத்திரம் ஒரு முனையில் தொங்கிச் சுழன்று, சுவரில் மோதிக் கீழே வந்தது. குருநாதன் விலகினார். வலது கால் மட்டும் விலகவில்லை.

சரக்கு ஆட்டோவில் அவரைக் கிடத்தி, தலையை மடியில் தாங்கிக்கொண்டு காரைக்குடிக்கு வந்தவன் பாண்டிதான். முழங்காலுக்குக் கீழே கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. குருநாதன் அரை மயக்கத்தில் பொண்டாட்டி அன்னக்கிளியின் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் முதலாளி போன் பண்ணினார்.

"உசுரு இருக்குல்ல?"

"இருக்கு மொதலாளி."

"சரி. ஆஸ்பத்திரியில பைக்குல விழுந்துட்டாருன்னு சொல்லு. வேல எடத்துல அடின்னா போலீசு, கேசுன்னு இழுத்துக்கிட்டே போகும். எல்லாருக்கும்தான சோறு போயிரும்? செலவ நான் பாக்குறேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ முன்பணம் குடுத்த மனைக்குப் பாக்கிய அடுத்த மாசம் நானே கட்டிப் பத்திரத்த முடிச்சுத் தாரேன்டா. ரேணுகாட்டச் சொல்லிரு" என்றார்.

ஆஸ்பத்திரியில் "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டார்கள். "பைக்குல விழுந்துட்டாருங்க" என்றான் பாண்டி. அந்த வார்த்தை அத்தனை சுளுவாக வந்ததே, அதுதான் பிறகு அவனைப் பிடுங்கித் தின்றது. அப்படியே எழுதிக்கொண்டு அவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பாண்டியும் அவன் பொண்டாட்டி ரேணுகாவும் குடியிருந்தது குடோனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தகரக் கொட்டகையில். வாடகை கிடையாது, அதற்கு ஈடாக ராத்திரிக் காவல் அவன் தலையில். கொட்டகையில் பாதியை ஒரு தேக்கு நிலை அடைத்துக்கொண்டு சாய்ந்திருந்தது. மனை பத்திரமாகவில்லை, அஸ்திவாரம் தோண்டவில்லை, அதற்குள் வாசல் நிலையை வாங்கிவிட்டார்கள் இந்தப் பிள்ளைகள். எங்கேயாவது உண்டா? ஆனால் இந்தப் பக்கத்தில் நிலை வைக்கிற நாளைத்தான் வீடு பிறந்த நாளாக எண்ணுவார்கள். சந்தனம் தடவி, பூச்சுற்றி, சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிடுவார்கள். லட்சுமி செதுக்கிய நிலையைப் பாதி விலைக்குத் தருகிறேன், கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னதும் இரண்டு பேருக்கும் புத்தி தடுமாறிவிட்டது.

குன்றக்குடிப் பாதையில் இரண்டரை சென்ட் மனை. ரேணுகா பலகாரக் கடையில் முறுக்குப் பொட்டலம் கட்டி, பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தே வீடு வந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததுதான் அதற்கு முன்பணம். தை பிறந்ததும் நிலை வைக்கிறோம் என்று ஒக்கூரில் இருக்கும் தன் அக்காளிடம் அவள் சொல்லியும் ஆயிற்று. அக்கா அதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அடிபட்டதற்கு மறுநாள் ரேணுகா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள். பாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"கால்ல கம்பி வைக்கணுமாம். அன்னக்கிளி அக்கா அழுது அழுது கண்ணெல்லாம் வீங்கிப்போயிருக்கு. பைக்குல விழுந்ததா அங்க எழுதியிருக்காம்."

அவன் குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டான்.

"குருநாதண்ணனுக்கு பைக் ஓட்டவே தெரியாதே" என்றாள்.

"பின்னால ஒக்காந்து போயிருக்கலாம்ல."

"யாரு பின்னால?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீங்கதான கொண்டுபோய்ச் சேத்தீக?"

எல்லாவற்றையும் சொன்னான், முதலாளி பத்திரம் முடித்துத் தருகிறேன் என்றது வரைக்கும். ரேணுகா திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது, ஒரு நொடிதான். அதை அவன் பார்த்துவிட்டான். அவன் பார்த்துவிட்டான் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிப்போய் அவள் பாத்திரம் கழுவினாள், அவன் பாயை விரித்தான். "நம்ம எப்பருந்து இப்பிடி ஆனோம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் பாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டவில்லை. கேட்டவர்களிடம் காவல் வேலை என்றான். குருநாதன்தான் அவனுக்கு முடிச்சுப் போடவே சொல்லிக் கொடுத்தவர், அவர் சாப்பாட்டுத் தூக்கில் கைவிட்டுச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. அதை நினைக்காமல் இருக்கத்தான் அவன் அந்த வாரம் பேயாக வேலை பார்த்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி. குடோன் முற்றத்தில் கழற்றி அடுக்கிய தூண்களுக்கு நடுவே நாற்காலி போட்டு முத்துக்கண்ணன் உட்கார்ந்திருந்தார். அன்னக்கிளியும் வந்து ஓரமாக நின்றாள்.

"இந்த வாரத்துலருந்து ஆளுக்கு நாளைக்கு நூறு கொறச்சல்தான்" என்றார் முதலாளி. "வேல தேங்கிக் கெடக்கு. குருநாதன் வைத்தியச் செலவு வேற என் தலையில."

"எந்தச் செலவு மொதலாளி?" என்றாள் அன்னக்கிளி. "மொத நாள் மருந்துக்குக் குடுத்ததோட சரி. அப்பறம் உங்க வீட்டு வாசல்லயே என்ன நிக்க விடலையே."

கருப்பி கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட்டாள். "மரத்துல கீறுனா எங்க கூலியில பிடிக்கிறீக. இப்ப ஆளு கால ஒடிச்சுப்புட்டு அதையும் எங்க கூலியிலயே பிடிக்கிறீகளே, இது என்ன ஞாயம்?"

"நான் ஒடிச்சேனா? பைக்குல விழுந்தவனுக்கு நான் என்னத்துக்குக் குடுக்கணும்? பாவம்னு குடுத்தேன், அதுக்கு இந்தப் பேச்சா?"

"யாரு பைக்குல விழுந்தா?" என்று முன்னால் வந்தான் விக்கி. "என் கையிலதான கயிறு அறுந்துச்சு."

"ஆஸ்பத்திரியில போய்ப் பாரு, எழுத்துல இருக்கு. சேத்தவனே சொல்லிக் கையெழுத்துப் போட்டுருக்கான். இந்தா நிக்கிறான்ல, அவன்ட்டக் கேளு. டேய் பாண்டி, சொல்றா."

முற்றமே திரும்பி அவனைப் பார்த்தது. அன்னக்கிளிக்கு முதலில் விளங்கவில்லை. "நம்ம பாண்டியா? அப்பிடி இருக்காதே. எவனோ தப்பா எழுதிப்புட்டான், பாண்டி வந்தான்னா சரி பண்ணிருவான்னு அவரு தெனமும் வாசலையே பாத்துக்கிட்டுல்ல கெடக்காரு தம்பி?"

பாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவமானம் காதில் சூடாக ஏறியது. ஓடிப்போய்விடலாம் என்றுகூட நினைத்தான், ஓட எங்கே இடம்? அவன் குடியிருப்பதும் அந்த மதிலுக்குள்தான்.

"நாந்தான் சொன்னேன் மதினி" என்றான். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னான். "நாந்தான். மொதலாளி சொல்லச் சொன்னாரு. மனைய முடிச்சுத் தாரேன்னாரு. வீட்டு ஆசையில சொல்லிப்புட்டேன். அண்ணே கால்ல விழுந்தது உத்திரம். நைஞ்ச கயித்த மாத்தச் சொல்லி அவரு மொத நாளே கேட்டாரு. இவரு மாத்தல."

விக்கி தரையில் துப்பினான். "ஒன்னயப் போயி அண்ணேன்னு கூப்புட்டேனே."

"அவன அப்பறம் வச்சுக்குவோம்" என்று விக்கியின் தோளைப் பிடித்தாள் கருப்பி. "மொதல்ல இவருட்டப் பேசி முடிங்க."

முதலாளி எழுந்துவிட்டார். "நன்றிகெட்ட பயலே. மனையும் கெடையாது, மண்ணும் கெடையாது. அந்தக் கொட்டகை என்னது. இப்பவே காலி பண்ணு. நிலையத் தொட்டா திருட்டுக் கேசு போடுவேன்."

அதற்குள் ரேணுகா பாயையும் பாத்திர மூட்டையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் பேச்சு பிசிறவில்லை. "காலி பண்ணிட்டோம். அந்த நிலைக்கு இவுக கூலியில எம்புட்டுக் கழிச்சீகன்னு போற எடத்துல சொல்றோம். அத நீங்களே வச்சுக் கும்பிடுங்க."

"பழைய கூலி வரணும், கப்பி வரணும், குருநாதண்ணே வைத்தியத்துக்கு வழி சொல்லணும்" என்றாள் கருப்பி. "அதுவரைக்கும் திங்கக்கெழமயிலருந்து எவரும் கண்டரமாணிக்கத்துல சுவத்துல ஏறல. நாங்களும் மரத்தத் தொடல."

"ஆளா இல்ல? வடக்கேருந்து ஒரு லாரி ஆள எறக்குவேன்."

"எறக்குங்க. அவுகளுக்கும் கால் ரெண்டுதான. அவுகட்டயும் விவரத்தச் சொல்லுவோம்."

அங்கிருந்து எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்கள். அன்னக்கிளி முன்னால் நடந்தாள். வழி நெடுக அவள் பாண்டியின் பக்கம் திரும்பவில்லை. அவனும் யாரோடும் சேராமல் பின்னால் தனியாக வந்தான். ரேணுகாவின் மூட்டையைக் கருப்பி வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ரைட்டர் முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "அன்னைக்கு ஒண்ணு சொல்ற, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. எது மெய்?"

"இன்னைக்குச் சொல்றதுதான் சார்."

"பொய் சொன்னதுக்கு ஒம்மேலயும் வரும், தெரியும்ல?"

"வரட்டும் சார்."

"வெக்கமா இல்லையாய்யா ஒனக்கு?"

"இருக்கு சார்" என்றான் பாண்டி.

ரைட்டர் பேனாவை மறுபடி திறந்தார். பாண்டி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினார். கயிறு தன் கையில்தான் அறுந்தது என்று விக்கியும் சொன்னான். "இன்ஸ்பெக்டர் வந்து பாத்துத்தான் முடிவு. அந்தாளு பெரிய கை, சும்மா இருக்க மாட்டாரு. விசாரணைக்குக் கூப்புட்டா நீ எங்க கெடைப்ப? முகவரி சொல்லு."

பாண்டி வாயைத் திறந்தான். குடோன் முகவரிதான் நாக்கு நுனிக்கு வந்தது. ஆதாரில் இருப்பது எப்போதோ காலி செய்த வாடகை வீடு. வாசலில் நின்ற ரேணுகாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"என்னய்யா, வீடு இல்லையா?"

அறை முழுக்க ஆள் நின்றது. வீட்டுக்காகத்தான் இவ்வளவும். கழுத்து தானாகக் குனிந்தது.

அன்னக்கிளி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். தன் வீட்டுக் கதவு நம்பரையும் தெருவையும் நிதானமாகச் சொன்னாள். "எழுதிக்கங்க சார். அங்கதான் இருப்பாக, ரெண்டு பேரும்."

ரைட்டர் நிமிர்ந்தார். "நீங்க அடிபட்டவரு சம்சாரம்தான? இவன் பொய்யினாலதானம்மா ஒங்களுக்கு இம்புட்டும்."

"ஆமா" என்றாள். "எழுதுங்க."

பிறகுதான் அவள் பாண்டியைப் பார்த்தாள்.

"காலையில எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா. நடந்தத அவருட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."