நான்காவது மாலை

டத்தோ தியாகராஜன் நான்காவது மாலையைக் கழுத்தில் வாங்கிய கையோடு மேடையிலேயே இல்லாமல் போனார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்தார்கள், அதில் பாதிப்பேர் போனில் படம் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். நாற்காலியில் நான்கு மாலைகளும், ஜரிகைப் பொன்னாடையும், ஒரு ஜோடி சப்பாத்தும் மிச்சம். அன்று குவீன் தெருவில் ரோஜா மாலை நாற்பத்தைந்து வெள்ளி, மல்லிகை முழம் எட்டு வெள்ளி. பூக்கடை ருக்குமணி கூட்டம் கலைவதற்குள் மாலைகளை எடுத்துப்போய்த் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் பத்து காவான் என்ற ஊரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு விற்றுவிட்டாள். பெண்ணும் மாப்பிள்ளையும் இன்றுவரை சுகமாக இருக்கிறார்கள்.

இந்த விஷயம் ஊருக்குப் புதிதில்லை. பெரிய மனிதர்களுக்கு முதல் மாலையில் நிழல் போகும்; இரண்டாவதில் அவர்கள் பேசுவது யார் காதிலும் தங்காது; மூன்றாவதில் கனம் போய்விடும். இந்தத் தீவில் பாதி சங்கத் தலைவர்களுக்கு முதல் இரண்டும் நடந்து வருடக்கணக்காகியும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முன்பு மட்டும் அவர்கள் பேச்சு யார் காதில் தங்கியது? எல்லாருக்கும் இப்படி ஆவதும் இல்லை. ஜுருவில் கிளினிக் வைத்திருக்கும் நர்ஸ் சுலைஹாவுக்கு ஆறு மாலை போட்டார்கள்; மறுநாள் காலை பாசாரில் மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டு நின்றார். ஏதோ கண்ணேறு என்று சுற்றிப்போட்டுவிட்டு ஜனங்கள் அடுத்த பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

காரணம் தெரிந்தவள் குமுதா ஒருத்திதான். ஜுருவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மகள். தீவில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், கெட்டுப்போன புரதங்களை உயிரணு எப்படி ஒழித்துக்கட்டுகிறது என்று இருபது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்து வந்தாள். சொன்னால் சுலபம். மடங்கவேண்டியபடி மடங்காத புரதத்தின் மேல் உயிரணு யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மாட்டும். நான்கு சேர்ந்துவிட்டால் தீர்ந்தது. உள்ளே இருக்கும் அரவை யந்திரம் அந்தப் புரதத்தை இழுத்துப் பொடியாக்கிவிடும். சரத்தைக் கழற்றி அடுத்ததற்குப் போடும். பொடியில் புதுப் புரதம் கட்டும். கெட்டதற்குத்தான் என்றில்லை, வேலை முடிந்துபோன நல்ல புரதத்துக்கும் இதே மரியாதைதான். இதற்குப் போய் இத்தனை வருடமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கல்யாண வீடுகளில் அவளைக் குப்பை டாக்டர் என்று அறிமுகப்படுத்திவிட்டு அவர்களே சிரித்துக்கொண்டார்கள். அந்தக் குப்பை வேலை ஒரு நாள் நின்றால் தாங்கள் பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட முடியாது என்பது அந்த மண்டைகளில் ஏறவில்லை.

அவளுக்கு மேலதிகாரி தியாகராஜன். ஆய்வுக்கூடத்துக்குள் கடைசியாக எப்போது கால் வைத்தார் என்பது அவருக்கே ஞாபகமில்லை. குமுதா எழுதிய கட்டுரைகளில் மட்டும் அவர் பெயர் தவறாமல் ஏறியது. குமுதா எடுத்த படங்களைப் போட்டுக்காட்டி, என் ஆராய்ச்சி என் ஆராய்ச்சி என்று ஊர் ஊராக அளந்தார். டத்தோ பட்டமும் வந்தது. பட்டம் வந்த மறுமாதமே குமுதாவின் கூடத்தை மூடி முக்கிய விருந்தினர் ஓய்வறையாக்க உத்தரவு போட்டார். அங்கே பதினொரு வருடமாக அவள் ஊட்டி வளர்த்த நரம்பு உயிரணுக்கள் இருந்தன. அதில் ஒரு வகை, தன் குப்பையைத் தானே ஒழிக்க முடியாமல் மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. எல்லாவற்றையும் பிளீச் ஊற்றிக் கழுவிவிடச் சொன்னார் மனிதர். அது நடந்தால் தன் ஆயுசே சாக்கடையோடு போய்விடும் என்று குமுதாவுக்குத் தெரியும். அப்படியும் விழாவுக்கு முந்தின நாள் அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள் பாருங்கள், அதைத்தான் படித்த புத்தி என்பது.

“டத்தோ, மூணு மாலையோட நிறுத்திக்குங்க. நாலாவது விழுந்தா ஆள் இருக்க மாட்டீங்க. சும்மா சொல்லல, இத்தனை வருஷமா இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“பொறாமை வேணாம்லா குமுதா,” என்றார் அவர். “உனக்கு யாரும் போடலன்னா எனக்கும் போடக்கூடாதா?”

அவள் முன்னாலேயே போனை எடுத்து, விழா நடத்தும் சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டார். “ஏங்க, போன வருஷம் சாத்தப்பனுக்கே மூணு போட்டீங்க. டத்தோவுக்கும் அதே மூணா? ஒண்ணு கூட்டிப் போடுங்க.” கூட்டிப் போட்டார்கள்.

போனவர் வீணாகவும் இல்லை. மறுநாள் பல்கலைக்கழகக் கட்டடத்தில் ஆறு மாதமாக நின்றிருந்த லிஃப்ட் ஓடியது. இரண்டாம் மாடிக் கழிவறையில் தண்ணீர் வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த கூரை அடைபட்டது. அத்தனை வருடச் சேவையில் அவர் அந்தக் கட்டடத்துக்குச் செய்த முதல் உபகாரம் அது. ஆனால் அவர் போட்ட உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது. வெளியிலிருந்து பணம் கொண்டுவந்தால் கூடம் இருக்கலாம், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

பணம் தருகிறேன் என்று வந்தவர் சங்கத் தலைவர் சாத்தப்பன். சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருப்பவர். மூன்று மாலை வாங்கியதிலிருந்து கனம் இல்லாததால், சட்டைப்பை நிறையச் சில்லறையைப் போட்டுக்கொண்டு, மேசையைப் பிடித்தபடிதான் உட்காருவார். அவர் பேச்சு காதில் தங்காததால் குமுதா ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லவைக்க வேண்டியிருந்தது.

“செக்கைச் சும்மா கையில குடுத்தா நம்ம சனம் என்ன பேசும், டாக்டரம்மா? மேடையில ஏத்தி, மாலை போட்டுத்தான் குடுக்கணும். அதான் முறை.”

“ஒண்ணு போதும்ணே.”

“டத்தோவுக்கு நாலு போட்டோம். உங்களுக்கு ஒண்ணுன்னா, பொம்பளைன்னு மட்டம் தட்டிட்டானுங்கன்னு வாட்சப்புல போடுவானுங்க. நாலுதான்.”

“நான் போயிட்டா?”

“அதெல்லாம் போகமாட்டீங்கலா. அப்படியே போனாலும், கூடத்துக்கு உங்க பேரையே வச்சிருவோம்.”

வீட்டுக்குப் போய்க் குமுதா சாப்பிடவில்லை. தான் கெட்டுப்போனவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வேலை முடிந்துபோனவளா என்பதுதான் தெரியவில்லை. மூன்று வருடமாக ஒரு சோதனையும் கைகூடவில்லை. கட்டுரைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. சக ஆசிரியர்கள் அவள் வயதைச் சொல்லி ஓய்வைப் பற்றி விசாரித்தார்கள். பயமாக இருந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். ஆனால் பிளீச் ஊற்றின தட்டுகளைத் தன் கையால் அலம்பிக் கவிழ்ப்பதை நினைத்தால் அது இன்னும் மோசமாக இருந்தது. வருகிறேன் என்று சாத்தப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

விழாவுக்கு டத்தோவுக்கு வந்ததைப்போல் இரண்டு மடங்கு கூட்டம். ஆராய்ச்சியின் மேல் அவ்வளவு பற்று என்று நினைக்கவேண்டாம். போகிற நொடியைப் படம் பிடிக்க வந்த கூட்டம். முதல் மாலை விழுந்ததும் குமுதா கீழே பார்த்தாள். மேடைப் பலகையில் நிழல் இருந்தது. இரண்டாவது விழுந்ததும் நன்றி என்றாள். கடைசி வரிசையில் ஒருத்தி, “நன்றியாம்,” என்று பக்கத்துக்காரியிடம் சொன்னது கேட்டது. மூன்றாவதில் புதுச் செருப்பு காலைக் கடித்தது, கனம் இருக்கிறது. நான்காவது மாலையைச் சாத்தப்பன் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போட்டார். குமுதா கண்ணை மூடிக்கொண்டாள். பூவிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சொட்டி முதுகில் இறங்கியது. ரொம்ப நேரம் இறங்கியது.

“அட, அப்படியே இருக்காளே!” என்று முன்வரிசையில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்தாள். மண்டபம் முழுக்கப் போன்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் மேடையிலேயே வாய்விட்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவளைப் பார்த்து நீ வேண்டியவள் என்று ஒரு மனிதப் பிறவி சொன்னதில்லை. “எனக்கு இன்னும் வேலை இருக்கு,” என்று மைக்கில் சொன்னாள். சீக்கிரம் கிளம்பவேண்டும் என்கிறாள் போலிருக்கிறது என்று கூட்டம் நினைத்துக்கொண்டு, ஏமாற்றத்தோடு பிரியாணிக்கு வரிசை கட்டியது.

சங்கத்தில் இப்போதும் மாலை போடுகிறார்கள். மாதம் ஒருவராவது போகிறார். தெரிந்தும் யாரும் வேண்டாம் என்பதில்லை. நான்காவதைத் தாங்களே போன் போட்டுக் கேட்கிறார்கள். குமுதா அன்று செக்கை வாங்கிக்கொண்டு, மாலைகளைக் கழற்றக்கூட நிற்காமல், கழுத்து அரிக்க அரிக்க ஒரு கிராப் டாக்சி பிடித்துக் கூடத்துக்குப் போய், உயிரணுக்களுக்குத் தீனி மாற்றிவிட்டு, பாக்கியிருந்த சோதனையைத் தொடங்கினாள்.